நெற்றியில் போடாத சிலுவையும் கையில் இல்லாத விசாவும்

ஆண்டவருக்குள் அன்பான சகோதரங்களே, எனக்கு மேடையில் கதைத்தும் பழக்கமில்லை, எழுதியும் பழக்கமில்லை. எங்கள் பங்குச் சுவாமி மூன்று கிழமையாக, "எழுதித் தாரும், கோயில் மலரில போடுவம்" என்று ஆய்க்கினைப்படுத்தியதால் எழுதுகிறேன். சாட்சி சொல்கிறவர்கள் பெரும்பாலும் கண்ணீரோடு தொடங்குவார்கள். எனக்கு முதலில் கண்ணீர் வரவில்லை. கோபம்தான் வந்தது. அதை மறைத்துச் சாட்சி சொன்னால் அது பொய்ச் சாட்சி.

நான் மரியநாயகம். ஊர்காவற்றுறையில், துறைக்குக் கிட்ட வீடு. கடற்றொழில். என் மனைவி திரேசம்மா.

உயிர்த்த ஞாயிறு கழிந்து மூன்றாவது கிழமை, திங்கட்கிழமை பின்னேரம். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நாங்கள் இரண்டு பேரும் மலேசியாவுக்குப் போக வரிசையில் நின்றோம். சனிக்கிழமை அங்கே எங்கள் ஒரே மகன் ஜெரோமுக்குக் கல்யாணம். பதினான்கு வருஷமாக நாங்கள் நேரில் முகம் பார்க்காத பிள்ளை. பிரான்சில் அகதியாக இருக்கிறான். அவனிடம் இருக்கிற பத்திரத்தோடு மற்ற நாடுகளுக்குப் போகலாம், இங்கே மட்டும் வர ஏலாது. அதனால்தான் பெண் வீட்டாரும் நாங்களும் நடுவில் ஒரு நாட்டில் சந்திப்பதென்று முடிவாகியது. திரேசம்மா பையில் பருத்தித்துறை வடையும் பனங்கட்டியும் கட்டி வைத்திருந்தா.

கவுண்டரில் இருந்த சிங்களப் பிள்ளை எங்கள் கடவுச்சீட்டுகளைப் புரட்டினாள். முன்னாலிருந்து புரட்டினாள், பின்னாலிருந்தும் புரட்டினாள். இரண்டும் புதுப் புத்தகம். ஒரு பக்கத்திலும் ஒன்றுமில்லை.

"விசா எங்க அங்கிள்?"

"அது அங்க போய் இறங்கினவுடன குத்துவினம்" என்றேன், பலமுறை போய்வந்தவன் மாதிரி.

"யார் சொன்னது?"

"என்ர அண்ணையின்ர மகள். லண்டனில இருக்கிறா. ரெண்டு தரம் போய் வந்தவ."

அந்தப் பிள்ளை பெருமூச்சு விட்டாள். "அவங்களுக்கு லண்டன் பாஸ்போட் அங்கிள். உங்களுக்கு ஸ்ரீலங்கா பாஸ்போட். நீங்க இங்கேயே எடுத்துட்டு வரணும். விசா இல்லாம ஏத்த முடியாது."

நான் விடவில்லை. கல்யாண அழைப்பிதழை எடுத்துக் காட்டினேன். மகனின் பழைய படத்தைக் காட்டினேன். குரலை உயர்த்தினேன். மேலதிகாரி ஒருவர் வந்தார். அவர் என்னைவிட அமைதியாக அதே பதிலைச் சொன்னார். எங்களுக்குப் பின்னால் நின்ற சனம் எங்களைச் சுற்றிக்கொண்டு முன்னால் போனது. திரேசம்மா வடைப் பையை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினா, அவ்வளவுதான்.

இதில் யாரைக் குறை சொல்ல? அண்ணையின் மகள் டிலானி பொய் சொல்லவில்லை. டிக்கெட்டை எடுத்துத் தந்ததே அவள்தான். "சித்தப்பா, விசா ஒண்டும் தேவையில்லை, நீங்கள் பேசாமல் போய் இறங்குங்கோ" என்று வாட்ஸ்அப்பில் சொன்னாள். அவளுக்கு அது உண்மை. அவளும் ஜெரோமும் ஒரே வளவில் பிறந்து, ஒரே கிணற்றில் குளித்து, எங்கள் குசினியில் ஒரே சட்டியில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். இன்றைக்கு அவளுக்கு ஒரு நாட்டுப் புத்தகம், அவனுக்கு இன்னொரு நாட்டுப் பத்திரம், எங்களுக்கு வேறொன்று. வாசல்தோறும் ஆளாளுக்கு ஒவ்வொரு சட்டம். இது அவளுக்கும் ஞாபகம் வரவில்லை, எனக்கும் உறைக்கவில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளைக்குத் திறக்கிற கதவு எங்களுக்கும் திறக்கும் என்று நினைத்துவிட்டேன். வெளிநாட்டில் சொந்தம் இருக்கிற தீவுச் சனங்கள் எல்லோரும் ஒருநாள் விடுகிற பிழை இது.

ஆனால் ஜெரோம் என்னை மூன்று தரம் கேட்டான். "அப்பா, விசா எடுத்திட்டீங்களோ? நான் இங்க எம்பசியில வரிசையில நிண்டு எடுத்தனான்." ஒவ்வொரு தரமும் நான் சொன்னது ஒரே பதில்: "அதெல்லாம் எனக்குத் தெரியும். நீர் உம்மட அலுவலைப் பாரும்." அவன் எனக்குப் புத்தி சொல்வதை நான் ஒருபோதும் பொறுத்துக்கொண்டதில்லை.

இப்போது அந்தப் பழைய கதையையும் சொல்லத்தான் வேண்டும். பதினான்கு வருஷத்துக்கு முன் அவன் வெளிநாடு போகப்போகிறேன் என்று சொன்னபோது நான் சம்மதிக்கவில்லை. படகு இருக்கிறது, வலை இருக்கிறது, பிறகென்ன என்று சண்டை பிடித்தேன். அவன் காலை பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய் அங்கிருந்து கொழும்புக்குப் போக வேண்டிய நாள். எங்கள் வீடுகளில் பிள்ளை தூரப் பயணம் போனால் தகப்பன் பெருவிரலால் நெற்றியில் சிலுவை போட்டுத்தான் அனுப்புவான். அது உங்கள் எல்லோருக்கும் தெரியும். நான் அன்று விடியமுன் எழும்பிக் கடலுக்குப் போய்விட்டேன். வேண்டுமென்றே போனேன். திரும்பி வரும்போது கொடியில் அவனுடைய சாரம் மட்டும் காய்ந்துகொண்டிருந்தது.

அன்றிலிருந்து என் செபம் ஒன்றுதான். ஆண்டவரே, அவன் நெற்றியில் ஒரு சிலுவை போட விடும். செபக் கூட்டங்களில் நீங்கள் என்னவெல்லாமோ கேட்டு மன்றாடும்போது நான் பின்வரிசையில் நின்று இதைத்தான் கேட்டேன். பதினான்கு வருஷம் கேட்டு, கடைசியில் கவுண்டர் வரைக்கும் வந்து, அங்கே வைத்துத் திருப்பி அனுப்பப்பட்டேன். எனக்கு ஆண்டவரில் கோபம் வந்தது. "ஆளை வைச்சு விளையாடுறீரோ?" என்று அந்த இடத்திலேயே, எல்லோருக்கும் கேட்க, வானத்தைப் பார்த்துச் சொன்னேன். திரேசம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தா.

செவ்வாய்க்கிழமை ரயிலில் திரும்பி வந்தோம். விண்ணப்பத்துக்கு வேண்டிய பத்திரம் எல்லாம் வீட்டு அலுமாரியில் கிடந்தது. சந்தியில் கொமினிகேசன் கடை நடத்தும் ரஜனியிடம் போனோம். அவ படிவம் நிரப்புவதில் கெட்டிக்காரி. படம் எடுக்கும்போது, "அண்ணை, சிரிக்கக் கூடாதாம்" என்றா. நான் சிரிக்கிற நிலையிலா இருந்தேன்? "அதுக்காக முறைக்கவும் வேண்டாம்" என்றா. எடுத்த படத்தைக் கணினி ஏற்கவில்லை. பின்னால் நிழல் விழுகிறதாம். வெள்ளைச் சீலை கட்டி மறுபடி எடுத்தோம். திரேசம்மாவின் காது தெரியவில்லையாம். மறுபடி எடுத்தோம். இடையில் கரண்ட் போனது. கரண்ட் வந்தபோது நிரப்பியதெல்லாம் அழிந்துபோய் இருந்தது.

பிறகு தொழில் என்ற இடம் வந்தது. திறந்தால் நீளமான பட்டியல். டொக்டர், எஞ்சினியர், ரீச்சர், சாரதி, சமையற்காரர். மேலிருந்து கீழே இரண்டு தரம் தேடினா ரஜனி. கடற்றொழில் மட்டும் இல்லை.

"அண்ணை, 'மற்றவை' எண்டு போடட்டோ?"

"போடும்."

நாற்பது வருஷம் கடலில் கிடந்தவன் அன்றைக்கு 'மற்றவை' ஆனேன்.

வியாழக்கிழமை காலை திரேசம்மாவுக்கு விசா வந்தது. குடும்பப் பெண் என்பது பட்டியலில் இருந்ததால் அவவுக்குப் பிரச்சினை இல்லை. எனக்கு வந்தது விசா அல்ல, ஒரு கேள்வி. நான் வேலை செய்கிற இடத்திலிருந்து உறுதிக் கடிதம் வேண்டுமாம். கடலா கடிதம் தரும்?

ரஜனிதான் வழி சொன்னா. "கடற்றொழிலாளர் சங்கத்தில ஒரு கடிதம் எடுங்கோ அண்ணை. தலைவர் கையெழுத்து வைச்சால் காணும்."

"ரஜனி, தலைவர் நான்தான்."

அவ என்னைப் பார்த்தா. பிறகு திரும்பி, திரையைப் பார்த்துக்கொண்டு சிரித்தா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு நானே கடிதம் கொடுத்தால் யார் நம்புவான்? செயலாளர் சூசை கையெழுத்து வைக்க வேண்டும். சூசை முதல் நாளே ஆழக்கடலுக்குப் போய்விட்டான். போன் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில்தான் கரைக்கு வருவான் என்று அவன் வீட்டில் சொன்னார்கள்.

அதற்கு மேல் காத்திருந்தால் இரண்டு பேரும் கல்யாணத்துக்கு இல்லை. திரேசம்மா தனியாகப் போவதென்று முடிவெடுத்தோம். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக்கூடத் தனியாகப் போகாத மனுசி. எங்கள் பங்கிலிருந்து கொழும்புக்குப் போகிற ஒரு குடும்பத்தோடு அன்று பின்னேரமே ஊர்காவற்றுறை பஸ் நிலையத்தில் ஏற்றிவிட்டேன்.

பஸ் வெளிக்கிட முதல் அவ கேட்டா: "இஞ்சேருங்கோ, உங்களுக்கு விசா வராட்டில் நான் என்ன செய்ய? உங்கட சார்பில அவனுக்கு நான் சிலுவை போட்டுவிடட்டோ?"

"வேண்டாம்" என்றேன். "அது நான்தான் போடோணும்."

"இன்னமும் பிடிவாதம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறினா. பஸ் போன பிறகுதான் எனக்கு யோசனை வந்தது. விசா வராவிட்டால்? அவன் திரும்பவும் பிரான்சுக்குப் போய்விடுவான். இனி எந்த நாட்டில், எந்த வருஷம்? எனக்கு வயதும் போகிறது. ஒரு பிடிவாதத்தால் பதினான்கு வருஷம் போனது. இன்னொரு பிடிவாதத்தால் மிச்சத்தையும் நானே மூடிவிட்டேனோ என்று துடித்தேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் துறையில் போய் நின்றேன். கையில் கடிதம், பேனை, சங்கத்துச் சீல், மைப்பெட்டி. படகுகள் ஒவ்வொன்றாக வந்தன. சூசை வரவில்லை. செபமாலை சொல்லத் தொடங்கினேன். பத்து அருள்நிறைந்த மந்திரம் கொண்ட ஒரு காரணிக்கத்துக்கு மூன்று தரம் கடலை எட்டிப் பார்த்தேன். வழமையாகச் சாட்சிகளில் என்ன சொல்வார்கள்? கண்ணை மூடிச் செபித்தேன், கண்ணைத் திறந்தேன், படகு வந்தது என்பார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. சூசை வழமையைவிட மூன்று மணித்தியாலம் பிந்தித்தான் வந்தான். எஞ்சின் மக்கர் பண்ணியதாம். அவன் ஈரக் கையால் கையெழுத்து வைத்த கடிதத்தை ரஜனி அனுப்பும்போது பின்னேரம் ஆகிவிட்டது. சனி ஞாயிறு விசா கொடுக்கிற கந்தோர் பூட்டு.

"இனித் திங்கள்தான் அண்ணை" என்றா ரஜனி, குரலைத் தாழ்த்தி.

கல்யாணம் எனக்கு இல்லை என்று அந்தக் கதிரையில் இருந்தபடியே விளங்கியது.

சனிக்கிழமை. அங்கே பத்து மணிக்குப் பூசை என்றால் இங்கே ஏழரை. திரேசம்மா நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருந்தா. டிலானி லண்டனிலிருந்து வந்திருந்தாள். வீடியோவில் காட்டுகிறேன் என்று அவள் எத்தனையோ தரம் அழைத்தாள். வெட்கப்பட்டு அழுதிருப்பாள் பாவம். நான் எடுக்கவில்லை. கல்யாணத்தைப் போனில் பார்க்கிற அளவுக்கு எனக்குப் பொறுமை இல்லை. நேரே எங்கள் கோயிலுக்குப் போனேன். செபிக்கப் போனேன் என்று நினைக்காதீர்கள். ஏசப் போனேன்.

கோயிலில் யாரும் இல்லை. முன் வாங்கில் உட்கார்ந்து ஏசினேன். எனக்கு ஏன் இப்படி என்று கேட்டேன். நேர்த்தி வைக்கவில்லையா, நோன்பு இருக்கவில்லையா என்று கணக்குக் கேட்டேன். கடைசியில் ஏசுவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. களைத்துப் போய்ச் சும்மா இருந்தேன். அப்போதுதான், பதினான்கு வருஷத்தில் முதல் தரமாக, எனக்குள் வேறொரு கேள்வி வந்தது. சிலுவை போட விடும், போட விடும் என்று கேட்கிறாயே, அன்று யாரடா உன்னைத் தடுத்தது?

ஒருவரும் தடுக்கவில்லை. விசா கேட்கவில்லை, கடிதம் கேட்கவில்லை, பட்டியலில் உன் தொழில் இல்லை என்று சொல்லவில்லை. என் வீட்டு வாசலில், என் பிள்ளையின் நெற்றி, என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. நான்தான் போகவில்லை. இவ்வளவு காலமும் ஏதோ விதி எங்களைப் பிரித்ததுபோலச் செபித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அங்கே நான் அழுதேன். "ஆண்டவரே, கல்யாணத்தை விட்டிட்டன். அங்க தகப்பனுக்குரிய முன் வாங்கையும் விட்டிட்டன். அவனிட்ட மன்னிப்புக் கேக்க ஒரு வழி தாரும். அது காணும்" என்றேன். அதற்கு முன்பு நான் மன்னிப்பு என்ற சொல்லைச் செபத்தில் சேர்த்ததே இல்லை.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு ரஜனி போன் எடுத்தா. "அண்ணை, வந்திட்டுது!"

ஜெரோம் புதன்கிழமை பிரான்சுக்குத் திரும்புகிறான். டிக்கெட் மாற்றின கதையை விடுகிறேன், அது டிலானியின் புண்ணியம். செவ்வாய்க்கிழமை அதே கட்டுநாயக்கா, அதே வரிசை. இந்த முறை விசாக் கடுதாசியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சோடு பிடித்திருந்தேன். கவுண்டரில் பார்த்தார்கள், தட்டினார்கள், தந்தார்கள். பத்து நிமிஷம். பத்து நிமிஷ வேலைக்கு எட்டு நாள் அலைந்திருக்கிறேன். புறப்பட முதல் வீட்டிலிருந்தே எடுத்திருந்தால் ஒன்றுமில்லை.

அங்கே இறங்கி, சீல் குத்தி, வெளியே வந்தேன். திரேசம்மாவை அடையாளம் கண்டேன். பக்கத்தில் நின்ற மனுசனைச் சட்டென்று கண்டுபிடிக்க ஏலவில்லை. முன்மயிர் கொட்டி, உடம்பு வைத்திருந்தது. பிறகு அவன் நடந்து வந்தான். அந்த நடை என்னுடையது.

"அப்பா."

நான் பயணப் பையைக் கீழே வைத்தேன். அவன் கட்டிப்பிடிக்க முதல் சொல்லிவிட வேண்டும் என்று அவசரப்பட்டேன். "தம்பி, அண்டைக்கு நான் வேணுமெண்டுதான் கடலுக்குப் போனனான்."

"தெரியும் அப்பா."

"கோவத்தில போனனான். பிழை என்னில. மன்னிச்சுக்கொள்."

அவன் என் இரண்டு கையையும் பிடித்தான். பிறகு சொன்னான்: "நான் ரெண்டு பஸ்ஸை விட்டிட்டு நிண்டனான் அப்பா. நீங்கள் வருவியள் எண்டு. மூண்டாவதிலதான் ஏறினனான்."

பதினான்கு வருஷமாக எனக்கு இது தெரியாது. திரேசம்மாவும் ஒருநாளும் சொல்லவில்லை. சொன்னால் நான் தாங்கமாட்டேன் என்று அவவுக்குத் தெரிந்திருக்கும்.

அவன் அங்கேயே முழங்காலில் நின்றான். எங்கள் மருமகளும் பக்கத்தில் நின்றா. கல்யாணத்தன்று கோயிலுக்குப் புறப்பட முதல் தாய் தகப்பன் ஆசீர்வதிக்கும்போது, "அப்பாவின்ர இடத்தை அப்படியே விடுங்கோ" என்று சொல்லி ஒரு கதிரையை வெறுமையாக வைத்திருந்தானாம். சனங்கள் பயணப்பை வண்டில்களைத் தள்ளிக்கொண்டு எங்களைச் சுற்றிப் போனார்கள். நான் அவன் நெற்றியில் சிலுவை போட்டேன். அவசரத்தில் அது சிலுவை மாதிரியே வரவில்லை. மறுபடி ஒன்று போட்டேன். எங்களுக்கு ஒரு இரவும் அரை நாளும்தான் கிடைத்தது. புதன்கிழமை அவன் புறப்படும்போது ஒழுங்காக மூன்றாவது சிலுவையும் போட்டு அனுப்பினேன்.

கடிதம் போனது, விசா வந்தது, இதில் அற்புதம் என்ன என்று சூசையே என்னிடம் கேட்டான். ஓம், கடிதத்தால்தான் விசா வந்தது. ஆனால் அந்த முதல் திங்கட்கிழமை என்னை விமானத்தில் ஏற்றியிருந்தால் என்ன நடந்திருக்கும்? கல்யாணக் கூட்டத்துக்குள், சடங்கோடு சடங்காக ஒரு சிலுவையைப் போட்டுவிட்டு, மன்னிப்பும் கேட்காமல், நிமிர்ந்த தலையோடு திரும்பி வந்திருப்பேன். அந்த இரண்டு பஸ்ஸைப் பற்றி எனக்கு ஒருநாளும் தெரிந்திருக்காது. சூசையின் எஞ்சின் ஏன் அன்று மக்கர் பண்ணியது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதற்கும் சேர்த்து நன்றி சொல்கிறேன்.

எனக்குக் கோபம் இன்னும் வருகிறது. திரேசம்மாவைக் கேட்டால் சொல்லுவா. ஆனால் கடலுக்குப் போக முதல் அவ நெற்றியில் சிலுவை போடாமல் படி இறங்குவதில்லை. சண்டை பிடித்த நாளிலும் போடுகிறேன். இப்போது பங்கில் யாராவது வெளிநாடு போவதென்றால் என்னிடம் வந்து கேட்கிறார்கள். சொந்தக்காரர் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்பதில்லை. உங்கட புத்தகம் எந்த நாட்டுப் புத்தகம், அதைக் காட்டுங்கோ என்கிறேன். விசாவை இங்கேயே எடுங்கோ என்கிறேன். மன்னிப்பையும் இங்கேயே, வாசலிலேயே கேளுங்கோ என்கிறேன். எனக்கு அது இறங்கிய இடத்தில் கிடைத்தது. அது என் கெட்டித்தனம் அல்ல, ஆண்டவரின் இரக்கம்.

சகோதரங்களே, உங்கள் செபம் கேட்கப்படவில்லை என்று ஆண்டவரில் கோபமாக இருக்கிறீர்களா? போய் ஏசுங்கள், அவர் தாங்குவார். ஏசி முடிந்த பிறகு கொஞ்சம் சும்மா இருந்து பாருங்கள், அவர் பக்கத்துக் கதையையும் கேளுங்கள். அவரை நம்புங்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடலில் கிடந்த காலமெல்லாம் அவர் எனக்காக எத்தனை பஸ்ஸை விட்டுவிட்டு நின்றாரோ தெரியாது. உங்களுக்காகவும் அவர் நிற்கிறார். உங்கள் வீட்டிலும் ஒருவர் நிற்கக்கூடும். அடுத்த பஸ் வரமுன் எழும்பிப் போங்கள்.